வலமிருந்து இடம் ஓடிய ஆட்டம்

அன்பு மகனே,

ஸலாம். நீ மஸ்கட் ரூவிக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததையும், புது ஆபீசில் உட்கார்ந்துவிட்டதையும் உன் உம்மா போனில் சொன்னாள். அவள் உன் கல்யாண வேலைக்காகக் காயல்பட்டினத்தில் இருக்கிறாள், நீ மஸ்கட்டில் இருக்கிறாய், நான் இங்கே ரோலாவில், கடையில் இருக்கிறேன். இங்கிருந்து பஸ் ஏறிப் போன பிள்ளை போய்ச் சேர்ந்தானா என்ற செய்தி ஊருக்குப் போய்த் திரும்பி எனக்கு வருகிறது. அதற்குக் காரணம் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். உன்னைப் பஸ் ஏற்றிவிட வரவில்லை. 'கடையில் ஆள் இல்லை' என்று சொன்னது பச்சைப் பொய். கடையில் ஆள் இருந்தது, எனக்குக் கோபமும் இருந்தது. வாய்ஸ் நோட் அனுப்பிச் சமாதானம் பேசலாம் என்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சண்டை பிடிக்கிற குரலாகவே வந்தது, அழித்துவிட்டேன். எழுத்தில் என் குரல் கேட்காது என்பதால் எழுதுகிறேன். டீக்கடைக்காரன் கையெழுத்து, பொறுத்துக்கொண்டு படி.

அன்றைக்கு என்ன நடந்தது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் என் பக்கமிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் கஃபட்டேரியாவைக் காலி செய்ய வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு ஆள் வந்தாயிற்று, மேசை நாற்காலிகளை எதிர்க்கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். மிஞ்சியது ஜூஸ் கவுண்டருக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த கேம் மெஷின் மட்டும்தான். "இத என்ன செய்யிறது?" என்று கேட்டேன். நீ பிளக்கை மாட்டினாய். படம் வந்தது. எனக்கு என்னமோ பெருநாள் வந்த மாதிரி இருந்தது. நீ ஆட்டத்தில் வருகிற சிவப்பு பனியன்காரனை எடுத்தாய், நான் தோளில் துண்டோடு பின்னால் நின்றேன். முதல் தெருவில் இருக்கிற மீன் மார்க்கெட்டைக்கூட நீ தாண்டவில்லை. குச்சியைப் பிடித்துக்கொண்டு தடுமாறினாய், செத்தாய், மறுபடியும் செத்தாய். பிறகு திரும்பிப் பார்த்துச் சொன்னாய்.

"ஹானஸ்ட்லி வாப்பா, இது நல்லா ஏஜ் ஆகல. சின்ன வயசுல பெருசா தெரிஞ்சுது. இப்ப பாத்தா ஒண்ணுமே இல்ல. கலாஸ், முடிஞ்சுபோச்சு, ஸ்கிராப்புக்குக் குடுத்துருங்க. ஒரிஜினல் என் போன்லயே இருக்கு."

"அப்ப இது என்ன, டூப்ளிகேட்டா?"

"நீங்க வயர மாத்திக் குடுத்ததுதானே வாப்பா இது."

"சரி. வயர மாத்துனவனையும் சேத்து அந்த ஸ்கிராப் வண்டியில ஏத்திட்டுப் போ."

சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டேன். யாரும் டீ கேட்கவில்லை. அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொள்ள எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. நீ பையை எடுத்துக்கொண்டு, "வாப்பா, பஸ்சுக்கு நேரமாச்சு" என்றாய். நான் 'ம்' என்றேன். இருபத்தேழு வயதுப் பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டைவிட்டுப் போகிற கடைசிப் பயணம், அதற்கு நான் கொடுத்த வழியனுப்பு அந்த ஒரு 'ம்'. நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

நீ போன மறுநாள் உனக்குப் பேசியிருக்கிற பெண் போன் செய்தாள். ஸுமையா முதன்முதலாகத் தானாக என்னைக் கூப்பிட்டது இதற்காகத்தான் என்றால் நீ நம்ப மாட்டாய். ரூவியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, இங்கிலீஷ் கலந்துதான் பேசும் என்று நினைத்தேன். நம் ஊர்த் தமிழ் உன்னைவிட நன்றாக இருக்கிறது. "மாமா, அந்த மெஷினத் தூக்கிப் போடப் போறீங்களாமே, அவங்க சொன்னாங்க" என்றாள். "அதுக்கு வயசாயிருச்சுன்னு ஒம் மாப்பிள்ளதாம்மா சொன்னான்" என்றேன். "எங்க ஹால்ல சோபாவுக்குப் பக்கத்துல இடம் சும்மாதான் இருக்கு மாமா. எங்க உம்மாட்டயும் கேட்டுட்டேன். ஆனா ஒண்ணு, நீங்க உண்மையச் சொல்லணும். அது நெஜமாவே நல்ல கேமா? இல்ல நீங்க ரெண்டு பேரும் சேந்து வெளாடுனதால நல்லா இருந்துச்சா?"

இத்தனை வருடம் அந்த மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத் தெரியாததல்ல, நம் ஊரில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். நானும் அப்படித்தான் உன் உம்மா வீட்டுக்கு ஒரு பெட்டியோடு போனேன். ஊர்விட்டு ஊர் போனாலும் அந்த வழக்கம் போகவில்லை. ரூவியில் நீ போய் இருக்கப்போவது அவள் வீடு, அந்த ஹால் அவள் ஹால். பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையோடு ஒரு பொருள் போகிறதென்றால் அது மானமுள்ள பொருளாக இருக்க வேண்டும். வருகிற போகிறவர்கள் பார்த்து, 'மாப்பிள்ளையோட வாப்பா பழைய சாமானத் தள்ளிவிட்டாரு' என்று சொல்லக் கூடாது. அதனால் "பாத்துச் சொல்றேம்மா" என்று மட்டும் சொன்னேன். பழைய சாமான் எடுக்கிற பாகிஸ்தான் பட்டாணியரை இந்த வாரக் கடைசியில் வரச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாற்காலியைப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியாராக இருக்க வேண்டும், பாசம் பார்க்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நீ சொன்னது பெரும்பாலும் சரி. எழுதக் கை கூசுகிறது, ஆனால் சரி. மாலுமிகள் இருவர், அவர்களுடைய கேப்டனை ரவுடிகள் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இவர்கள் துறைமுகத்திலிருந்து அடித்துக்கொண்டே போகிறார்கள். கதை அவ்வளவுதான். கேப்டனை எதற்காகத் தூக்கினார்கள் என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. வருகிற ரவுடிகளுக்கு மொத்தம் நாலைந்து முகம்தான். சட்டை நிறத்தை மாற்றி மாற்றி அனுப்பி நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். முதல் தெருவில் அடித்துப் போட்ட தடியன் ரயில் கூரை மேலே மஞ்சள் சட்டையில் வருகிறான், நாமும் புது ஆள் என்று நினைத்துப் பயந்திருக்கிறோம். நடுவில் சண்டை நடக்கிற அந்த லிஃப்ட் மேலே போய்க்கொண்டே இருக்கிறது, போய்க்கொண்டே இருக்கிறது, நான் நடுவில் பாலில்லாத ஒரு சுலைமானி டீயே குடித்துவிட்டேன். சங்கிலிக்காரன் தூரத்தில் நின்று அடிக்கிறானே, அது அநியாயம். அவனைத் தோற்கடிக்க வழியே வைக்கவில்லை, இன்னொரு காசு போடத்தான் வழி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் உனக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம், காசுப்பெட்டிக் கதவுக்குள் இருக்கிற குட்டிப் பட்டனை நான் அமுக்கிக்கொண்டே இருந்ததுதான். நீ சாகிறபோதெல்லாம் எழுந்து வந்தாய். நீ வீரன் என்று நினைத்தாய், நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நல்லது ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. எகிறி உதைக்கிறபோது எதிரி பறந்து போய்ப் பீப்பாய்களில் விழுகிறானே, அந்தச் சத்தம் இன்றைக்கும் வயிற்றுக்குள் இறங்குகிறது. நீ போனில் ஆடுகிற ஆட்டங்களில் ஆயிரம் பேர் செத்தாலும் ஒருவனும் இப்படி விழுவதில்லை. அப்புறம் அந்தப் பொரித்த கோழி. பீப்பாயை உடைத்தால் தரையில் தட்டோடு கிடக்குமே. அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே உன் உம்மா ஞாபகமும் வந்தது. "பீப்பாய்க்குள்ள கெடந்த கோழியத் தூக்கித் திங்கிறான், ஹலாலா, யாரு அறுத்தாங்கன்னு கேக்க வேண்டாமா?" என்று கேட்டவள் அவள். நோன்பு மாதத்தில் பகலில் மெஷினை ஓட்டக் கூடாது, அதில் ஆட்கள் பகலிலேயே சாப்பிடுகிறார்கள் என்று சட்டம் போட்டவளும் அவளே. நான் பிளக்கைப் பிடுங்கிவைப்பேன். மஃரிபுக்கு நோன்பு திறந்த பிறகு பேரீச்சம்பழம் ஒரு கையில், குச்சி இன்னொரு கையில் என்று நீ வந்து நிற்பாய்.

உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. அன்றைக்கு நீ ஏன் அப்படித் தடுமாறினாய்? மீன் மார்க்கெட் உனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரிந்த இடம். பிறகுதான் உறைத்தது. உன் போனில் இருக்கிற ஒரிஜினலில் ஆட்கள் இடதுபக்கமிருந்து வலதுபக்கம் போகிறார்கள். நம் மெஷினில் வலதிலிருந்து இடது. உன் கைகள் இப்போது போனுக்குப் பழகிவிட்டன, நம் மெஷினில் அவை வழி தெரியாமல் முழிக்கின்றன. ஆட்டத்துக்கு வயதாகிவிட்டது என்று நீ சொன்னதில் பாதி ஆட்டத்தின் குற்றம், மீதிப்பாதி என் குற்றம். அந்த வயரை மாற்றியவன் நான்தானே.

ஸுமையாவுக்கும் தெரியட்டும், இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு, அதற்காக அந்தக் கதையை முழுதாகவே எழுதுகிறேன். ஒரு கேம் கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் அந்த மெஷினைத் தூக்கிவந்தேன். நீ அப்போது ஸ்கூலில் சேர்ந்த புதிது. வந்த முதல் கோடையிலேயே ஏ.சி. நின்ற ஒருநாள் திரை சுருங்கி நடுவில் ஒரு கோடு மட்டும் நின்றது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்தவன் நான், அந்தத் தைரியத்தில் திறந்துவிட்டேன். எங்கேயோ ஈயப் பற்று விட்டிருந்தது, சரிசெய்தேன், பிக்சர் டியூப் கழுத்தில் இருக்கிற காயிலின் வயர்களைத் திரும்ப மாட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்க்கிறமாதிரித் திரும்பியிருந்தன. ஆட்கள் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். இரண்டு வயரை இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன். மறுபடி திறந்து மாற்றிவிடலாம் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்த நேரத்தில் வெளியே ஹாரன் அடித்தது.

அந்த அரபிக் கிழவரை உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளை வண்டி, காரைவிட்டு இறங்கவே மாட்டார், ஹாரன் அடித்தால் டீயைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஏனோ இறங்கி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஜைன், ஜைன், ரொம்ப நல்லது! இப்பத்தான் சரியான பக்கம் போகுது, நம்ம எழுத்து போற மாதிரி" என்று அரபியும் உருதுவும் கலந்து சொல்லி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். தெரியாமல் செய்ததை நான் தெரிந்து செய்ததாக நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை. பாராட்டு கிடைக்கிற இடத்தில் மறுத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. குச்சியை இடதுபக்கம் தள்ளினால் ஆள் வலதுபக்கம் போகிறான் என்று பிள்ளைகள் கத்தினார்கள், அந்தக் குச்சிகளின் அடியில் இருக்கிற வயர்களையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு, இரண்டும் சேர்ந்து அழகாக வேலை செய்தன.

அவ்வளவுதான், ரோலா முழுக்கப் பேர் பரவியது, 'அரபி கேம்' என்று. பக்கத்துக் கட்டிடத்து சூடான் பிள்ளைகள், பாகிஸ்தான் பிள்ளைகள், நம் மலையாளத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்து நிற்பார்கள். வேறெங்கும் கிடைக்காத ஸ்பெஷல் ஐட்டம் என்று அவர்களுக்கு நினைப்பு. நீ முதலாளி வீட்டுப் பிள்ளை என்ற கித்தாப்போடு நடுவில் நிற்பாய். பிறகு ஒருநாள் ஸ்கூலிலிருந்து கூப்பிட்டார்கள். நீ உன் பெயரையே திருப்பிப்போட்டு எழுதியிருந்தாய். டீச்சர், சின்னப் பிள்ளைகள் செய்வதுதான், போகப்போகச் சரியாகும் என்றார். உன் உம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "எல்லாம் அந்த மெஷின் வேல. புள்ளைக்கு ஒலகத்தையே திருப்பிக் காட்டி வச்சிருக்காக" என்று வீடு வருகிறவரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் உன் பையைச் சுமந்துகொண்டு நடந்தேன். நீ எங்கள் இருவருக்கும் நடுவில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு வந்தாய்.

இவ்வளவு இருந்தும் ஸுமையா கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. நல்ல ஆட்டமா, நம் பாசமா? ஒரிஜினலாக, அதைச் செய்தவர்கள் செய்த மாதிரி, ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு என்று முடிவு செய்தேன். பிளக்கைப் பிடுங்கினேன், சார்ஜ் இறங்கட்டும் என்று வெகுநேரம் காத்திருந்தேன், பின்கதவைத் திறந்தேன். உள்ளே ஒரே தூசி, என்றைக்கோ காணாமல் போன உன் குட்டிக் கார் ஒன்று, நான் அன்றைக்கு ஒட்டிய டேப் மட்டும் அப்படியே இருந்தது. காயிலின் இரண்டு வயரை மாற்றினேன். குச்சிகளின் வயர்களையும் மாற்றினேன். பிளக்கை மாட்டினேன்.

படம் வந்தது. எழுத்தெல்லாம் நேராக நின்றது. மீன் மார்க்கெட்டில் ஒரு நீலப் பலகை தொங்குமே, ரவுடிகளின் ரகசியக் குறி என்று நாம் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்துவைத்திருந்தோமே, அதில் 'புது மீன்' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. வெறும் புது மீன்! தனியாக உட்கார்ந்து அவ்வளவு சிரித்தேன். உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல போனை எடுத்தேன், கோபத்தில் இருக்கிறோம் என்று ஞாபகம் வந்து வைத்துவிட்டேன்.

பிறகு ஆடினேன். மகனே, முதல் தெருவைக்கூட என்னால் தாண்ட முடியவில்லை. இடதுபக்கமே போகிறது என் கை. ரவுடி வலதுபக்கம் நிற்கிறான், நான் காற்றை உதைக்கிறேன். செத்தேன், எழுந்தேன், மறுபடி செத்தேன். ரோலாவிலேயே அந்த மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடியவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், முதல் நாள் கடைக்கு வந்த பிள்ளை மாதிரி முழித்தேன். அன்றைக்கு நீ என் முன்னால் தடுமாறியபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. பின்னால் துண்டோடு ஒருவன் நின்று பார்க்கிறான் வேறு. நானாக இருந்தாலும் மெஷினைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

சரி, இரண்டு பேராக ஆடுகிற பட்டனை அமுக்கிப் பார்ப்போம் என்று தோன்றியது. சிவப்பு பனியனை நான் எடுத்தேன், நீல பனியன் ஆளில்லாமல் நின்றது. நான் கஷ்டப்பட்டு நடந்து திரையின் ஓரத்துக்குப் போனேன். அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். நீல பனியன் வரவில்லை, அதனால் திரை நகரவில்லை. உனக்கு நினைவிருக்கிறதல்லவா, அந்த ஆட்டத்தில் ஒருவன் மட்டும் ஓடினால் ஓரத்தில் போய்த் தட்டும், அவ்வளவுதான். இருவரும் வந்தால்தான் தெரு முன்னால் போகும்.

அந்த ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நாம் ஆடிக்கொண்டிருப்போம், வெளியே ஹாரன் அடிக்கும். நான் குச்சியை விட்டுவிட்டு டிரேயில் டீயை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஒரு வண்டி என்றால் சரி, வரிசையாக நாலு வண்டி நிற்கும், ஒருவருக்குச் சர்க்கரை போதாது, ஒருவருக்குச் சமோசா வேண்டும். என் நீல பனியன் தெருநடுவில் சும்மா நிற்கும். நீ சிவப்பு பனியனை ஓரத்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்து என் ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வருகிற ரவுடிகளை ஒருத்தனாக அடித்துக்கொண்டிருப்பாய். சின்ன உடம்பு, நுனிக்காலில் நிற்பாய். கடைக்குள்ளிருந்து உன் சத்தம் தெருவரைக்கும் கேட்கும், "வாப்பா, சீக்கிரம் வாங்க! நான் பாத்துக்கிறேன், நீங்க வாங்க!" நான் வந்து பார்க்கிறபோது உன் உயிர்க்கோடு தீர்கிற நிலையில் இருக்கும், என்னுடையது முழுசாக இருக்கும். எனக்கு ஒரு அடிகூடப் படாமல் காப்பாற்றி வைத்திருப்பாய். தரையில் கோழி கிடந்தால் அதையும் எனக்காக விட்டுவைத்திருப்பாய், "உங்களுக்குத்தான் வாப்பா, எடுத்துக்கங்க" என்று. அப்போது நான் டிரேயை வைத்துவிட்டு உன் தலையைத் தட்டிவிட்டு ஆடத் தொடங்குவேன். ஒரு வார்த்தை நன்றாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு டீ கொடுக்க ஓடியதுதான் இந்த நாட்டில் நான் வாழ்ந்த வாழ்க்கையிலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை.

ஆகவே ஸுமையாவுக்கு என் பதில் இது. அம்மா, அந்த ஆட்டத்துக்கு வயதாகிவிட்டது, உன் மாப்பிள்ளை சொன்னது சரி. முகங்கள் திரும்பத் திரும்ப வரும், லிஃப்ட் அலுப்புத் தட்டும், சங்கிலிக்காரன் அழவைப்பான். தனியாக ஆடினால் அரைமணி நேரத்தில் கொட்டாவி வரும். ஆனால் அதைச் செய்த ஆட்கள் ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்கும் ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி செய்திருக்கிறார்கள். ஒருவனை விட்டுவிட்டு மற்றவன் போக முடியாது. நானும் அவனும் சேர்ந்து ஆடியதால் நன்றாக இருந்ததா என்று கேட்டாய். சேர்ந்து ஆடுவதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள் அம்மா, இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன் ஹாலில் வைக்கலாம். மானக்கேடு ஒன்றும் வராது.

மகனே, உனக்குக் கல்யாணப் புத்தி சொல்ல வேண்டும் என்று உன் உம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெண் வீட்டில் போய் இருப்பவனுக்கு முதல் கொஞ்ச நாள் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தண்ணீர்க் குவளையைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். எனக்கு அப்போது ரோஷம் வந்தது, கேட்காமலே தாகத்தோடு படுத்திருக்கிறேன். நீ கேள். கை பழகுகிறவரை தடுமாறுவதில் அசிங்கம் ஒன்றுமில்லை. இன்னொன்று, ஒரே ரவுடியை இரண்டு பக்கமும் நின்று இருவரும் அடித்தால் அவன் குனிந்துகொள்வான், நம் குத்து நம் ஆள் மேலேயே விழும். நாம் எத்தனை தடவை அப்படி ஒருவரையொருவர் சாய்த்திருக்கிறோம்! வீட்டிலும் அப்படித்தான். பிரச்சினை நடுவில் குனிந்துகொள்ளும், அடி வாங்குவது நீங்கள் இருவராக இருக்கும். ஒருவர் அடிக்கட்டும், மற்றவர் தள்ளி நில்லுங்கள். உன் உம்மாவுக்கும் எனக்கும் இது விளங்கவே வெகுகாலம் ஆனது.

பட்டாணியர் இன்று காலை பிக்கப்போடு வந்தார். "பாய், மெஷின் கிதர்?" என்று தேடினார். "மாஃபி மெஷின், இல்ல பாய். அது கல்யாணத்துக்குப் போகுது" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "மப்ரூக், மப்ரூக்" என்று வாழ்த்திக் கையைக் குலுக்கிவிட்டு, ஓட்டை ஃபிரையரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். மஸ்கட்டுக்குச் சாமான் ஏற்றுகிற நம் ஊர்க்காரரிடம் பேசிவிட்டேன். நன்றாகத் துடைத்து, போர்வை சுற்றி அனுப்புகிறேன். உன் குட்டிக் காரைக் காசுப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள். வயர்களை நேராகவே விட்டிருக்கிறேன், இனி ஆட்கள் உன் போனில் போகிற பக்கமே போவார்கள். நீ தடுமாற மாட்டாய். பழைய மாதிரி வேண்டும் என்றால் எந்த வயர் எங்கே என்று உனக்குத் தெரியும், ஆனால் எனக்காக மாற்றாதே.

கல்யாணம் முடிந்து, எல்லோரும் ஓய்ந்து, நீங்கள் ரூவிக்குத் திரும்பிய பிறகு சம்பந்தி வீட்டு விருந்துக்கு என்று நானும் உன் உம்மாவும் வருவோம். சாப்பாடெல்லாம் ஆனதும் எனக்கு நீல பனியனைக் கொடு. முன்னால் நீ போ. இந்தப் பக்கமாக நடக்க எனக்கு இன்னும் பழகவில்லை, முதல் தெருவிலேயே காற்றை உதைத்துக்கொண்டு நிற்பேன், பார்த்துச் சிரி, பரவாயில்லை. ஓரத்துக்குப் போனதும் மட்டும் கொஞ்சம் நில். வாப்பா வந்துவிடுகிறேன்.